கிருமி இல்லாமல் அழலும் எலும்பு

எலும்பு அறுவை மருத்துவர்களும் குழந்தை மருத்துவர்களும் மரபியல், நோயெதிர்ப்பியல் ஆய்வாளர்களும் ஒன்றுகூடும் இந்தக் கருத்தரங்கு, காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய ராயபுரத்தில் நடப்பது மிகப் பொருத்தம். நாம் பேசவிருக்கும் நோய் சி.ஆர்.எம்.ஓ. என்ற சுருக்கப் பெயரால் அறியப்படுவது: எலும்பில் பல இடங்களில், திரும்பத் திரும்ப, கிருமியே இல்லாமல் மூளும் நாள்பட்ட அழற்சி. இந்நோய் அரிது என்பதால் நம் ஊருக்குத் தொடர்பற்றது என்று எண்ணிவிடக் கூடாது. மறைந்திருக்க ஏற்ற சூழலும், பிறக்க ஏற்ற சூழலும் இங்கேயே இருப்பதால், இதை நாம்தான் முனைந்து தேட வேண்டும். இதுவே என் உரையின் மையக் கருத்து.

சுவிட்சர்லாந்தில் கீடியனும் உடன் பணியாற்றியவர்களும் 1972இல் இந்நோயை முதலில் விவரித்தார்கள். பெரும்பாலும் பத்து வயதை ஒட்டிய பிள்ளைகளுக்கு, ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளுக்கு அதிகமாக வருகிறது. கால் எலும்புகளின் முனைகள், காறை எலும்பு, முதுகெலும்பு ஆகியவை அதற்கு விருப்பமான இடங்கள். திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ ஒரு சிறுமிக்குக் கணுக்கால் வீங்கினால் வீட்டார் முதலில் அடிபட்ட வீக்கம் என்பார்கள். பிறகு சீழ்க்கட்டி என்று சந்தேகம். முதுகில் வலி என்றால் காசநோய் என்று அச்சம். இந்த வரிசை தவறில்லை. இங்கே அவைதாம் அதிகம். ஆனால் எலும்புத் துணுக்கை எடுத்து வளர்த்துப் பார்த்தும் கிருமி வளரவில்லை, மருந்து கொடுத்தும் குணமில்லை, வேறோர் எலும்பும் வலிக்கிறது என்றால், அதே மருந்தை நீட்டிப்பதற்குப் பதில் கேள்வியை மாற்ற வேண்டும்.

கேள்வியை மாற்றச் சொல்லும் சான்றுகள் மரபணுக்களிலிருந்து வந்தன. பிள்ளைப் பருவத்திலேயே எலும்பழற்சியும் ஒருவகை இரத்தசோகையும் சேர்ந்து வரும் குடும்பங்களை மஜீத் என்ற மருத்துவர் 1989இல் விவரித்தார். அதற்குக் காரணம் எல்பிஐஎன்2 மரபணுவின் பழுது என்பது 2005இல் தெரிந்தது. 2009இல் இன்னும் தெளிவான சான்று கிடைத்தது. அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-1 என்ற புரதத்துக்கு உடலே தயாரிக்கும் தடுப்பான் ஒன்று உண்டு. அதன் மரபணு இரு பிரதிகளிலும் பழுதான கைக்குழந்தைகளுக்குத் தோலில் கொப்புளமும் எலும்பில் அழற்சியும் வந்தன. அந்தத் தடுப்பானுக்கு நிகரான அனகின்ராவை ஊசியாகக் கொடுத்ததும் குழந்தைகள் தேறினார்கள். இல்லாததைக் கொடுத்தவுடன் நோய் தணிந்ததைவிட வலுவான நிரூபணம் வேறில்லை. 2017இல் எஃப்பிஎல்ஐஎம்1 என்ற மரபணுவின் பழுது கண்டறியப்பட்டது இந்நோயுள்ள ஒரு தெற்காசியப் பிள்ளையிடம்; பெற்றோர் உறவுக்குள் மணந்தவர்கள்.

ஆனால் பெரும்பாலான நோயாளிகளிடம் ஒற்றை மரபணுப் பழுது கிடைப்பதில்லையே, மரபியலை முன்னிறுத்துவது மிகையல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மரபணு தனித்து இயங்குவதாக நான் சொல்லவில்லை. இந்நோயாளிகளின் இரத்தத்திலுள்ள மோனோசைட் செல்கள், அழற்சியை அடக்கும் இன்டர்லூக்கின்-10ஐக் குறைவாகச் சுரக்கின்றன. தூண்டும் புரதங்களின் கை ஓங்குகிறது. எலும்பைக் கரைக்கும் செல்கள் பெருகுகின்றன. இதே வகை நோயுள்ள எலிகளில் இன்டர்லூக்கின்-1பீட்டாவை நீக்கினால் எலும்பு பிழைக்கிறது. அதே எலிகளின் உணவை மாற்றியபோது குடல் நுண்ணுயிர்களும் மாறி, நோய் தணிந்ததை 2014இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். மரபணு வழியைத் திறந்து வைக்கிறது. குடலும் உணவும் சூழலும் அதன் வழியே நுழைகின்றன. ஆகவே மரபியலும் நோயெதிர்ப்பியலும் தனித்தனி அறைகளில் பேசினால் இந்நோய் பிடிபடாது.

காசநோயே ஓயாத வடசென்னையில் அரிய நோய்க்குச் செலவிடலாமா என்பது அடுத்த மறுப்பு. காசநோய் இருப்பதாலேயே இந்த அறிவு நமக்குக் கூடுதலாகத் தேவை. சி.ஆர்.எம்.ஓ. கடுமையாகும்போது தரப்படும், டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தைத் தடுக்கும் மருந்துகள், உள்ளே உறங்கும் காசக் கிருமியை எழுப்பக்கூடியவை. அக்கிருமியைச் சிறைவைத்திருக்கும் வேலியே டிஎன்எஃப்தான். எனவே காசநோயைச் சோதிக்காமல் அம்மருந்தைத் தொடக் கூடாது. செலவைப் பொறுத்தவரை, சிகிச்சையின் முதற்படி நாப்ராக்சன் போன்ற எளிய வலிநிவாரணிகள்தாம், அடுத்து எலும்புக் கரைவைத் தடுக்கும் பாமிட்ரோனேட். விலையுயர்ந்த ஊசிகள் சிலருக்கே தேவைப்படும். தேவையற்ற அறுவைகளும் மாதக்கணக்கான நுண்ணுயிர்க்கொல்லிகளும் குடும்பத்தை இதைவிட அதிகம் உறிஞ்சிவிடும்.

இனி, இந்நோய் பிறக்க ஏற்ற சூழலுக்கு வருவோம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் நான்கில் ஒருவருக்கும் மேற்பட்டோர் உறவுக்குள் மணந்தவர்கள். பெற்றோர் இருவரும் ஒரே பழுதை மறைவாகச் சுமந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணக்கும் வழக்கத்தைக் குற்றமாக்க இதைச் சொல்லவில்லை. தாயின் மீது பழி போட அறிவியலில் இடமில்லை. ஆனால் எந்த உறவில் மணந்தார்கள், வீட்டில் யாருக்காவது சொரியாசிஸோ குடலழற்சியோ உண்டா என்று பரிவோடு கேட்பது, நோயறிதலின் ஒரு பகுதியாக வேண்டும்.

ஏழை ஊரின் ஆய்வு உலகை மாற்றுமா என்ற ஐயத்துக்கு இந்த நகரமே விடை. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு, ஏழைகளின் சிறு வீடுகளிலும் மருந்து சானடோரியத்தைப் போலவே பலன் தரும் என்று நிரூபித்து உலகத்தின் சிகிச்சை முறையையே திருப்பிப் போட்டது. கூப்பிடு தூரத்தில் நிற்கும் ஸ்டான்லி மருத்துவமனை, பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தில் வேர்கொண்டது; மக்கள் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே அழைத்தார்கள். பசித்து வந்தவருக்கு ஊட்டிய மரபு அது. அந்த மரபில் நின்று, கிருமி வளராத ஒவ்வொரு எலும்பழற்சியையும் பதிவு செய்வோம். முழு உடல் எம்.ஆர்.ஐ. எடுத்து வலிக்காத எலும்புகளிலும் தேடுவோம்; குடும்பத்தின் இரத்த மாதிரியை உரிய ஒப்புதலோடு சேமிப்போம். பெயர் தெரியாத வலியோடு ஊர் ஊராக அலையும் பிள்ளைக்கு, அதன் நோய்க்குச் சரியான பெயரைச் சொல்வதே நாம் செய்யும் முதல் சிகிச்சை. அந்த நம்பிக்கையோடு இக்கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.