கிறிஸ்து யார்?
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

   

பிழைப்பை நாடி மலையேறி வந்த தமிழ் மக்கள் ஏலப்பாறையின் தேயிலைச் சரிவுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். ஊரை விட்டோம்; உறவை விட்டோம்; விசுவாசத்தையும் வழியில் விட்டுவிட்டோமா என்பதே இன்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டுவது.

பிலிப்புச் செசரியாவின் புறத்தே இயேசுநாதர் தம் சீடரை நோக்கி, தம்மை யாரென்று கருதுகின்றனர் என வினவினார். பேதுரு அவரை மேசியா என்றும் தேவகுமாரன் என்றும் அறிக்கையிட்டார். கி.பி. 325-ல் நிசேயாவில் கூடிய ஆயர்களும், கிறிஸ்து படைக்கப்பட்டவர் அல்லர், பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்று வரையறுத்தனர். ஆயினும், சரியான விடை சொன்ன அதே பேதுருதான் பின்னர் ஆசாரியனின் முற்றத்தில் ஒரு வேலைக்காரியின் கேள்விக்கும் அஞ்சினார். தம் ஆண்டவரை மும்முறை மறுதலித்தார். நாவின் விடை எளிது. வாழ்வின் விடையே அரிது.

அவ்வரிய விடையைத் தந்தவர் நம் தென்னாட்டிலேயே தோன்றினார். 1712-ல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை திருவிதாங்கூர் அரசுப் பணியாளர். 1741-ல் குளச்சல் போரில் சிறைப்பட்டு, பின்னர் அவ்வரசின் படைக்கே பயிற்சியளித்த டச்சுத் தளபதி டிலனாய், துயருற்றிருந்த அவருக்கு யோபுவின் வரலாற்றை எடுத்துரைத்தார் என்பர். 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749-ல் சிறைப்பட்டார். எருமைமேல் ஏற்றி ஊரறிய இழிவுபடுத்தியும் அவர் மனம் மாறவில்லை. 1752 சனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-ல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். யார்மீதும் பகை மூட்டுவதற்காக இதனைச் சொல்லவில்லை. கிறிஸ்துவை ஆண்டவர் என்றவர் எதையெல்லாம் இழக்கத் துணிந்தார் என்பதைக் காணவே சொல்கிறோம்.

நம்மை நோக்கித் துப்பாக்கி நீட்டுவார் இல்லை. நமக்கு வரும் சோதனை சிறியது. ஆதலின் வழுக்குவதும் எளிது. நாம் ரயில்வேயில் கணக்கெழுதும் குமாஸ்தா. ஒருமுறை சரக்கின் எடையைக் குறைத்தெழுதுமாறு ஒருவர் வேண்டினார். கையில் பணமும் வைத்திருந்தார். வீட்டிலோ பிள்ளையின் பள்ளிச் சம்பளம் பாக்கி. நாம் உடனே மறுத்தோமில்லை. "நாளைப் பார்க்கலாம்" என்றோம். அன்றிரவு உறக்கம் வரவில்லை. முற்றத்தில் குளிர்காய்ந்த பேதுருவின் பக்கத்தில் நாமும் அமர்ந்திருந்தது விளங்கிற்று. மறுநாள் மெய்யான எடையையே எழுதினோம். அதில் பெருமை ஒன்றுமில்லை. அந்த "நாளை" என்னும் சொல் இன்றும் நம்மை வெட்கப்படுத்துகிறது.

ஆயினும் கிறிஸ்து பேதுருவைத் தள்ளிவிட்டாரில்லை. உயிர்த்தெழுந்தபின் கடற்கரையில் அவரை அழைத்து, மீண்டும் மந்தையை ஒப்படைத்தார். விழுந்தவனைத் தூக்கி நிறுத்துபவர் எவரோ, அவரே கிறிஸ்து!

தேவசகாயம் என்னும் பெயருக்குக் கடவுளின் துணை என்பது பொருள். நிலைநிற்க நம் வலிமை போதாது, அத்துணை போதும். அதனை நம் பிள்ளைகளுக்கு வாயால் மட்டுமன்றி, நேர்மையான கையாலும் கற்பிப்போமாக!