மெஷின் சொன்ன பேரு சரியா?

இன்னைக்கு எபிசோட் ஒரு ஈஸ்ட் பற்றி. பன் உப்புறதுக்குப் போடுறோமே, அந்த ஈஸ்டுக்குத் தூரத்துச் சொந்தம். ஆனா இது இருக்கிற இடம் பேக்கரி இல்ல, ஐசியு.

பேரு கேண்டிடா ஆரிஸ். ஜப்பான்ல ஒரு வயசான அம்மாவோட காதுல இருந்து எடுத்த சாம்பிளை வச்சு, 2009-ல இது தனி இனம்னு அறிவிச்சாங்க. லத்தீன்ல ஆரிஸ்னா காது. காதோட நின்னிருந்தா பரவாயில்லை. வென்டிலேட்டர், சென்ட்ரல் லைன்னு படுத்திருக்கிறவங்க ரத்தத்துல இது கலந்தா, மூன்றில் ஒருத்தருக்கு மேல இறந்துபோறாங்க.

இப்போ டெல்லிக்கு வாங்க. 2009-ல இருந்து 2011 வரைக்கும், ரெண்டு மருத்துவமனைகள்ல 12 நோயாளிகளோட ரத்தத்துல ஒரு ஈஸ்ட் கிடைச்சது. லேப்ல இருந்த மெஷின் அதுக்குச் சொன்ன பேரு, கேண்டிடா ஹீமுலோனி. ஆராய்ச்சியாளர்கள் டி.என்.ஏ.வைப் படிச்சுப் பார்த்தா, எல்லாமே ஆரிஸ்! 2013-ல இது ஆய்வுக் கட்டுரையா வந்தது.

மெஷின் ஏன் தப்பா சொல்லுச்சு? என்னை மாதிரி கோட் எழுதுறவங்களுக்கு இது உடனே புரியும். அந்த மெஷின் ஈஸ்டை நேரா "பார்க்கிறது" இல்ல. எந்தச் சர்க்கரையைச் சாப்பிடுது, எதைச் சாப்பிடலைன்னு ஒரு வரிசை டெஸ்ட் வைக்கும். வர்ற ஆமா-இல்லை பட்டியலை டேட்டாபேஸோட ஒப்பிட்டு, ரொம்ப நெருக்கமா இருக்கிற பேரைக் கொடுக்கும். அப்போ அந்த டேட்டாபேஸ்ல ஆரிஸே கிடையாது. அதனால அதோட நெருங்கிய சொந்தக்காரன் ஹீமுலோனி பேரு வந்துச்சு. கோட்ல பக் இல்ல. ஆனா "தெரியல"ன்னு வர வேண்டிய இடத்துல ஒரு பேரு வந்து நிக்குது. அதுதான் ஆபத்து.

பேரு மாறினா என்ன ஆகும்? முதல்ல, மருந்து. பூஞ்சையோட செல் அமைப்பு பல விதத்துல நம்ம செல் மாதிரிதான். அதைக் கொன்னு நம்மை விட்டுவைக்கிற மருந்து கண்டுபிடிக்கிறது கஷ்டம். அதனால முக்கியமான மருந்து வகைகள் மூணுதான்: ஃப்ளூகோனசோல் இருக்கிற அசோல், ஆம்ஃபோடெரிசின் பி, எக்கினோகேண்டின். அமெரிக்காவில் சோதிச்ச ஆரிஸ் மாதிரிகள்ல சுமார் 90 சதவீதம் ஃப்ளூகோனசோலுக்கு அடங்கல. சுமார் 30 சதவீதம் ஆம்ஃபோடெரிசினுக்கும் அடங்கல. பெரும்பாலும் கைகொடுக்கிறது எக்கினோகேண்டின்தான். பேரு தெரியாம ஃப்ளூகோனசோல் போட்டு நாலு நாள் காத்திருந்தா, அந்த நாலு நாள் நோயாளிக்குத் திரும்பக் கிடைக்காது.

ரெண்டாவது, பரவுறது. ஆரிஸ் தோல்லயும், கட்டில் கம்பியிலயும், கருவிகள்லயும் வாரக்கணக்கில் உயிரோட இருக்கும். இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டில், 2015-க்கும் 2017-க்கும் இடையில ஒரு நரம்பியல் ஐசியுவில் 70 பேர் வரைக்கும் இது தொத்திக்கிச்சு. தேடிப் பார்த்தா, அக்குள்ல வைக்கிற, திரும்பத் திரும்பப் பயன்படுத்தின தெர்மாமீட்டர் காரணம். அதை எடுத்த பிறகுதான் பரவல் அடங்குச்சு. அங்கே தேட முடிஞ்சதுக்குக் காரணம், எதைத் தேடுறோம்னு தெரிஞ்சதுதான்.

தீர்வு பெரிய மந்திரம் இல்ல. டேட்டாபேஸை அப்டேட் பண்ணணும். புரதத்தோட எடையை வச்சு அடையாளம் காணுற புது மெஷின்களுக்கும் இதே விதிதான். சந்தேகம் வந்தா டி.என்.ஏ. படிக்கணும். இன்னொரு சின்னத் துப்பு: ஆரிஸ் 42 டிகிரி சூட்டுலயும் வளரும், ஹீமுலோனி பொதுவா வளராது.

2022-ல உலக சுகாதார நிறுவனம் ஆரிஸை மிக ஆபத்தான பூஞ்சைகள் பட்டியல்ல வச்சது. உங்க வீட்டுல யாராவது ஐசியுவில் இருந்து, ரத்தத்துல பூஞ்சைன்னு சொன்னா, "எந்த இனம்னு உறுதியாயிடுச்சா டாக்டர்?"னு தயங்காம கேளுங்க. உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் கையைக் கழுவுங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.