நோன்பு திறப்பு நிகழ்ச்சியில் நாங்கள் கற்றுக்கொண்டது

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில், ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் பொறுப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



"நோன்பு திறப்பு நிகழ்ச்சியை நல்லா நடத்தினீங்களே, அதைப் பத்திப் பேசுங்க"ன்னு என்னை எழுப்பி விட்டுட்டாங்க. நல்லா நடந்த கதையைவிட, எங்கெங்கே தப்பு பண்ண இருந்தோம் என்று சொன்னால்தான் உங்களுக்குப் பயன்படும். அதையே சொல்கிறேன்.

நம் தர்மபுரி மாவட்டத்துக்கு ஒரு பெருமை உண்டு. 1989-ஆம் ஆண்டு ஐஃபாட் நிறுவனத்தின் உதவியோடு தமிழக அரசு மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது இங்கேதான். மற்ற மாவட்டங்களுக்கு அதன் பிறகுதான் போனது. இத்தனை வருஷமாகியும் எங்கள் ஊரில் ஒரு குறை இருந்தது. பள்ளிவாசல் தெருவிலிருந்து மூன்று பெண்கள் மட்டுமே குழுக்களில் இருந்தார்கள். வருவார்கள், சேமிப்பு கட்டுவார்கள், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். உள்கடன் கேட்டதே இல்லை. ஏன் என்று நாங்களும் கேட்டதில்லை.

2025 மார்ச் மாதம் ரமலான் நோன்பு நடந்தது. அப்போது எல்லாக் குழுவும் சேர்ந்து சமுதாயக் கூடத்தில் நோன்பு திறப்பு வைக்கலாம் என்று தீர்மானம் போட்டோம். கஞ்சி காய்ச்ச ஆள் வேண்டுமே? பள்ளிவாசலில் முப்பது வருஷமாகக் கஞ்சி காய்ச்சும் பண்டாரி பாயிடம் போனோம். அவர் கேட்ட முதல் கேள்வி: "சமையலுக்குக் கூப்பிடறீங்களா, இல்ல சேர்ந்து நடத்தக் கூப்பிடறீங்களா?" சேர்ந்துதான் என்றோம். "அப்படின்னா உங்க திட்டத்தைப் படிச்சுக் காட்டுங்க"ன்னார்.

படித்தேன். ஐந்து மணிக்குக் குத்துவிளக்கு, வரவேற்புரை, நான்கு பேர் பேச்சு, ஏழு மணிக்கு நோன்பு திறப்பு. அவர் சிரித்துவிட்டார். "அம்மா, நோன்பு திறக்கற நேரத்தை நீங்களும் நானும் வைக்க முடியாது. சூரியன் மறைஞ்சு பாங்கு சொன்ன உடனே திறக்கணும். இப்ப ஆறரைக்குச் சித்த முன்னாடி. அதுக்கு ஒரு நிமிஷம் பின்னாடி எந்தப் பேச்சும் ஓடக் கூடாது. காலையிலிருந்து தண்ணி குடிக்காத பொம்பளைங்களை உக்கார வெச்சு மாலை மரியாதை செய்வீங்களா?"

விளக்கை எடுத்தோம். நான்கு பேச்சை ஒன்றாக்கினோம். திறந்தவுடன் மக்ரிப் தொழுகை இருக்கிறது என்றும் சொன்னார். பெண்கள் தொழத் தனி அறை, பாய், ஒளு செய்யத் தண்ணீர் எல்லாம் அப்போதுதான் பட்டியலில் ஏறின.

அடுத்து கூலி. நல்ல காரியம், இனாமாகச் செய்வார் என்று நினைத்திருந்தோம். அவர் தனக்கும் இரண்டு உதவியாளுக்கும் எவ்வளவு என்று முன்கூட்டியே சொல்லி நோட்டில் எழுதச் சொன்னார். "இனாமுக்கு வர்றவனை நேரத்துக்கு வரலைன்னு கேக்க முடியாதும்மா" என்றார். சகோதரிகளே, நாம் ஊரில் எத்தனை வேலையை இனாமாகச் செய்து, கடைசியில் பேச்சும் வாங்குகிறோம்! இது நமக்கும் பாடம்தான்.

அரிசி விஷயத்திலும் கறாராக இருந்தார். அரசு 2001 முதல் பள்ளிவாசல்களுக்கு நோன்புக் கஞ்சிக்குப் பச்சரிசி கொடுத்து வருகிறது. "அது பள்ளிவாசல் கணக்கு. அதுல ஒரு படி கூட இங்க வராது" என்றார். சரி, கூட்டமைப்புப் பொது நிதியிலிருந்து 5,000 ரூபாய் எடுத்து வாங்கலாம் என்றேன்.

அப்போது எங்கள் குழுவின் முஸ்லிம் அக்கா ஒருவர் மெதுவாக வாய் திறந்தார். "அந்தப் பணம் வட்டியில வந்ததுதானே? வட்டிப் பணத்துல நோன்பு திறக்க மனசு ஒப்பலைங்க."

எல்லோரும் அமைதியாகிவிட்டோம். அவர்கள் மார்க்கத்தில் வட்டி விலக்கப்பட்டது. குழுக் கடன், வங்கிக் கடன் விஷயத்தில் அவர்களுக்குள்ளேயே பல கருத்து உண்டு. ஆனால் இந்த அக்காவுக்கு மனசு வரவில்லை. இத்தனை வருஷமாக உள்கடன் கேட்காததற்கும் அதுதான் காரணம். பிள்ளைக்கு உடம்பு சரியில்லாதபோது கம்மலை விற்றிருக்கிறார், எங்களிடம் கேட்கவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பொது நிதியைத் தொடவில்லை. ஆளுக்கு 20 ரூபாயும் ஒரு கைப்பிடி அரிசியும் போட்டோம். அதில் எல்லா வீட்டு அரிசியும் இருந்தது.

அன்று மதியம் அடுப்பு மூட்டினோம். 150 பேர் என்று நான் அடித்துச் சொன்னேன். பாய் 200 பேருக்கு உலை வைத்தார். 12 கிலோ அரிசி, 3 கிலோ பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு, புதினா, தேங்காய்ப்பால். கொதி வந்ததும் எங்களைக் கூப்பிட்டார். "உப்புப் பாருங்கம்மா. எனக்கு நோன்பு." முப்பது வருஷம் காய்ச்சினவர், நோன்பு வைத்தால் வாயில் வைத்துப் பார்க்க மாட்டாராம். நான் பார்த்தேன், குறைச்சல் என்றேன். மறுபேச்சு இல்லாமல் போட்டார். நேரம், அளவு, பக்குவம் அவருக்குத் தெரியும். அன்றைக்கு ருசி பார்க்க நாங்கள் வேண்டியிருந்தது. சேர்ந்து நடத்துவது என்றால் என்னவென்று எனக்கு அங்கேதான் புரிந்தது.

வந்தவர்கள் 190 பேருக்கு மேல். கஞ்சி பற்றாமல் போகவில்லை.

ஒரு தப்பு மட்டும் நடந்துவிட்டது. எங்களில் ஒருத்தி ஒரு பெண்ணிடம், "ஏன், நீ நோன்பு வைக்கலியா?"ன்னு எல்லார் எதிரிலும் கேட்டுவிட்டாள். அந்தப் பெண் முகம் சுருங்கிவிட்டது. மாதவிலக்கு நாட்களில் அவர்கள் நோன்பு வைப்பதில்லை. பிறகு கணக்கு வைத்து நோற்பார்கள். பெண்களாகிய நாமே இதைக் கேட்கலாமா? பிறகு போய் மன்னிப்புக் கேட்டோம்.

2023-இல் யுனெஸ்கோ இந்த இஃப்தாரை உலகப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஈரான், துருக்கி, அஜர்பைஜான், உஸ்பெகிஸ்தான் நான்கு நாடும் சேர்ந்து கேட்டு வாங்கியது. நாடுகளே கூடிச் செய்யும்போது, நாலு தெரு கூடிச் செய்ய முடியாதா?

அந்த அக்கா கேட்ட கேள்வியை நாங்கள் அதோடு விடவில்லை. மாதம் ஆளுக்கு 10 ரூபாய் தனிப் பெட்டியில் போடுகிறோம். ஆத்திர அவசரத்துக்கு வட்டியில்லாக் கைமாற்றாக 2,000 ரூபாய் வரை தருகிறோம். இது புதிதல்ல. பாகிஸ்தானில் 2001 முதல் அகுவத் என்ற அமைப்பு வட்டியில்லாமலே ஏழைகளுக்குக் கடன் கொடுக்கிறது. எங்கள் பெட்டியில் முதலில் வாங்கியது அந்த அக்கா. அடுத்து வாங்கியது எங்கள் தெருப் பெண். இருவருமே திருப்பிக் கட்டிவிட்டார்கள். வங்கிக் கடனுக்கு வழி இன்னும் கிடைக்கவில்லை, பேசிக்கொண்டிருக்கிறோம். பள்ளிவாசல் தெருவிலிருந்து இப்போது ஏழு பேர் குழுவில் இருக்கிறார்கள்.

நீங்களும் நடத்துவதாக இருந்தால் இவற்றை மறக்காதீர்கள்:

* ரமலான் வருஷா வருஷம் பத்துப் பதினோரு நாள் முன்னால் வரும். பிறை பார்த்துத்தான் உறுதியாகும். தேதி குறிக்கும் முன் கேளுங்கள்.
* பாங்குக்குக் கால் மணி நேரம் முன்பே பேச்சை முடியுங்கள்.
* பணம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் சொல்லுங்கள்.
* கூலியையும் செலவையும் ஒரே நோட்டில் எழுதி, இரு பக்கமும் கையெழுத்துப் போடுங்கள்.
* யார் நோன்பு, யார் இல்லை என்று கேட்காதீர்கள்.

உங்கள் குழுவில் பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிற ஒருத்தி இருப்பாள். அடுத்த கூட்டத்தில் அவளிடம் ஏன் என்று ஒரு வார்த்தை தனியாகக் கேளுங்கள்.