முதுமையை முன்விடும் பந்தயம்

ஓட்டப்பந்தயம் இளைஞருக்கே உரியது என்பர். அக்கருத்தை மறுக்கும் பந்தயமொன்று ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியாவிலே உண்டு. டிப்சீ என்பது அதன் பெயர். 1904ஆம் ஆண்டில் இருவர் தம்முள் ஓடிப் பார்த்த பந்தயம், மறுவருடமே பலர் கலந்துகொள்ளும் போட்டியாயிற்று.

மில் வலி என்னும் ஊரிலே தொடங்கும் வழி, பசிபிக் கரையிலுள்ள ஸ்டின்சன் பீச்சில் முடிகிறது. தூரம் ஏறத்தாழ ஏழரை மைல் மாத்திரமே. ஆயினும், தொடக்கத்திலேயே 600க்கு மேற்பட்ட படிகள் எதிர்ப்படுகின்றன. அவற்றைக் கடந்தால் ரெட்வுட் மரங்கள் ஓங்கிய மியூர் வனம். அப்பால் 1,300 அடிக்கு மேல் உயர்ந்த மலைமுகடு. ஏறும்போது மூச்சு முட்டுகிறது. இறங்கும்போதோ உடற்பாரத்தைத் தாங்கித் தாங்கித் தொடைத்தசை நோகிறது. வேரும் கல்லும் நிறைந்த ஒற்றையடிப் பாதையிலே ஓரடி பிசகினும் வீழ்ச்சிதான்.

இப்பந்தயத்தின் தனிச்சிறப்பு புறப்பாட்டிலே உளது. முதியோரும் சிறுவரும் முதலில் விடப்படுவர். வயதையும் பாலையும் கணித்து வகுத்த நிமிட இடைவெளிகளில் ஏனையோர் தொடர்வர். வலிய இளைஞர் கடைசியிலேதான் புறப்படலாம். முன் சென்றோர் அனைவரையும் முந்தினாலன்றி அவர்களுக்கு வெற்றியில்லை. முதியோருக்கோ பின்னே நெருங்கும் காலடியோசையே சோதனை.

1951இல் வென்ற ஜாக் கேர்க் என்பவர், 1967இல் தமது 60ஆவது வயதிலே மீண்டும் வென்றார். தொண்ணூறு வயதைக் கடந்தும் ஓடினார். இடையறாது 67 பந்தயங்களை ஓடி முடித்தார். அவற்றுள் வெற்றி இரண்டே. எஞ்சிய 65 முறையும் அவரை அம்மலையேற்றியது பரிசன்று. எடுத்த வழியை முடிக்கும் உறுதியே எனலாம்.