கைத்தொலைபேசியும் வாய்மையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பெரட்டுக்களத்துத் தப்பொலி கேட்டு எழுந்த தோட்டங்களிலே இன்று நாம் கைத்தொலைபேசியின் மணி கேட்டு எழுகின்றோம். கொழும்புக் கடையில் வேலை பார்க்கும் பிள்ளையின் முகத்தை, லயத்து வாசலில் இருந்தபடியே தாய் காண்கின்றாள். இவ்வசதியை வேண்டாமென்று நாம் சொல்லோம். ஆயினும் ஒரு கேள்வி நம்மைச் சங்கடத்தில் நிறுத்துகின்றது. "கலகம் வருகிறதாம், எல்லாருக்கும் அனுப்புங்கள்" என்று நள்ளிரவில் ஒரு செய்தி வந்தால் யாது செய்வது? அனுப்பாதிருந்தால் உறவினர் ஆபத்தை அறியாது உறங்குவர். அனுப்பியது பொய்யாயின், தீ மூட்டியவர் நாமாவோம்.

இது வெறுங் கற்பனையன்று. 1977 ஆகஸ்டில், யாழ்ப்பாணத்திலே சிங்களவர் கொல்லப்பட்டனர் என்ற பொய்ச் செய்தி வாய்வழியே நாடெங்கும் பரவிற்று. அதன் பின் நடந்த வன்செயலில் வீடிழந்த தோட்ட மக்கள் பலர் வன்னிக்குப் போய்க் குடியேறினர். 1981 ஆகஸ்டில் நம் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்களும் தாக்கப்பட்டன. வதந்தியின் விலையை நாம் நன்கறிவோம்.

2018 பெப்ரவரியில் அம்பாறையில், முஸ்லிம் ஒருவரின் உணவுக்கடையில் மலட்டு மாத்திரை கலந்ததாகப் பேச்செழுந்தது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரசாங்கப் பகுப்பாய்வாளர் சோதித்தபோது அது வெறும் மாவுக்கட்டி என்பது தெரிந்தது. உண்மை வருமுன்னே வதந்தி ஊர் சுற்றி வந்துவிட்டது! மார்ச் மாதத்தில் திகனையிலே கலவரம் மூண்டது. அரசாங்கம் முகநூலையும் வாட்சப்பையும் சில நாட்கள் முடக்கிற்று. அப்போது வதந்தியோடு, நலம் விசாரித்த செய்திகளும் தடைப்பட்டன. 2020இல் முகநூல் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. எரிந்த கடை மன்னிப்பினால் எழுந்துவிடுமோ?

ஆகவே அரசாங்கத்தின் பூட்டு மட்டும் போதாது. நம் விரலுக்கும் ஓர் அடக்கம் வேண்டும். பாரதப் போரிலே அசுவத்தாமன் இறந்தான் என்ற சொல்லைத் துரோணர் நம்பியது, சொன்னவர் தருமர் என்பதால் அன்றோ? அங்கே இறந்தது யானை. நம்மவர் அனுப்பினார் என்பதற்காகச் செய்தி மெய்யாகிவிடாது. வள்ளுவரும் பிறர்க்குத் தீங்கு விளையாமையையே வாய்மைக்கு அளவுகோலாக வைத்தார்.

அனுப்புவதா, அடக்குவதா என்ற இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு, அது விசாரிப்பது. செய்தியில் சொல்லப்பட்ட ஊரில் இருப்பவரை அழைத்துக் கேட்போம். அடுத்த கிராமத்துச் சிங்கள நண்பரையும் கேட்போம். அவரோடு நமக்குள்ள பழக்கமே நம் வேலி. ஆபத்து மெய்யானால் 119க்கு அறிவித்து, உரியவரை நேரே எச்சரிப்போம். நூறு பேருக்குப் பரப்ப வேண்டியதில்லை. பொய்யானால், அது வந்த குழுவிலேயே பொய்யென்று துணிந்து எழுதுவோம்.

இளைஞர்களே! லயத்திலே முதியோர் பலர், "இது மெய்யா தம்பி?" என்று உங்களிடமே தொலைபேசியை நீட்டுகின்றனர். அந்த நம்பிக்கைக்கு உரியவராக விளங்குவதே இன்று நம் சங்கம் செய்யத்தக்க பெருந்தொண்டு.