கொள்ளிவட்டமும் காட்சியளவையும்

இருளிலே கொள்ளிக்கட்டையை விரைந்து சுழற்றுங்கால் நெருப்பு வட்டமொன்று தோன்றுகின்றது. கொள்ளி ஒருகணத்தில் ஓரிடத்தேதான் உளது, வட்டம் யாண்டுமில்லை. தீபாராதனைத் தட்டு மெல்லச் சுழலுதலின் ஆண்டு இது நேர்வதில்லை. மனம் ஒருகாலத்து ஒன்றையே அறியும் என நாட்டவந்த நியாயசூத்திர ஆசிரியர் கௌதமர் இக்கொள்ளிவட்டத்தையே உவமை காட்டினார். விரைவு மிகுந்துழி முன்பின் புலனாகாது. பலவும் ஒருங்கு நிகழ்ந்தனபோலத் தோன்றும் என்பது அவர் கருத்து.

1765-இல் டார்சி என்பார் பிரான்சு நாட்டிலே எரிகரியைச் சுழற்றி, ஒளியுணர்ச்சி கண்ணில் ஏறக்குறைய 0.13 வினாடி நிற்கும் என அளந்தார்.

செவியின் இயல்போ வேறு. இரண்டு சொடுக்கொலிகளுக்கு இடையே வினாடியில் ஆயிரத்தொரு கூறுகள் சிலவே இருப்பினும் அஃது இரண்டென்றே அறியும். தவிற்காரர் கைவிரைவிலும் சொற்கள் தனித்தனி கேட்பது இதனாலன்றோ? ஆயினும் ஒரே தட்டு வினாடிக்கு 20-க்கு மேற்பட ஒழுங்காக வருமாயின், தட்டு மறைந்து சுருதி எழும்.

அங்ஙனமாயின் காட்சியளவை பொய்யோ? அன்று. ஐயமும் திரிவும் நீங்கியதனையே சித்தாந்த நூலார் காட்சி என்றனர். பழுதையைப் பாம்பென மயங்கினார்க்கு விளக்குக் கொணர்ந்தவுடன் பாம்பு மறையும். கொள்ளி ஒன்றேயெனத் தெளிந்தார்க்கோ வட்டம் பின்னுந் தோன்றியவாறே இருக்கும். கண் பண்டுபோலவே காண்கின்றது. அதனைக் கருவியாகக் கொண்டு அறியும் உயிரே திரிவு நீங்கிற்று.