அரசுக்கும் கரை வேண்டும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)

 

ஊர் நிர்வாகத்திலும் மாநில நிர்வாகத்திலும் அரசின் அதிகாரம் எல்லைக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும் என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள். இதைக் கேட்டதும் நம்மில் சிலருக்கு ஐயம் எழலாம். நாம் அரசிடம் கேட்டுக்கொண்டே இருப்பவர்கள். பட்டா கேட்டோம், பாதை கேட்டோம், பள்ளி கேட்டோம், விடுதி கேட்டோம். கொடுக்கும் கையைக் கட்டச் சொல்லலாமா என்று கேட்பது நியாயமே. அந்த ஐயத்தை ஒதுக்கிவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறோம்.

ஏற்காட்டு ஏரி நிரம்பி வழியும் நீர்தான் நம் கிளியூரில் அருவியாக விழுகிறது. கரைக்குள் நிற்கும் வரை அதற்கு ஏரி என்று பெயர். கரை உடைந்தால் வெள்ளம் என்று பெயர். கரை போட்டதனால் நீரின் அளவு குறைவதில்லை, அதன் பயன் கூடுகிறது. அரசின் அதிகாரமும் அத்தகையதே. அரசு தன் கடமையைச் செய்வதற்கு நாம் தடை கேட்கவில்லை. தன் விருப்பம்போல் நடந்துகொள்ளும் உரிமைக்கே தடை கேட்கிறோம். கடமை குறையலாகாது, தன்னிச்சை குறைந்தாக வேண்டும். இந்த இரண்டையும் பிரித்தறியாமல் பேசுவோர் ஏராளம். அவர்களிடம் நாம் விழிப்பாக இருத்தல் வேண்டும்.

இந்த வேறுபாட்டை நமக்கு முதலில் தெளிவாகக் காட்டியவர் அண்ணல் அம்பேத்கர். 1947இல் அவர் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற அறிக்கையை வெளியிட்டார். அரசின் அதிகாரத்தைக் குறைத்தால் சுதந்திரம் வளரும் என்று கூறுவோரிடம், யாருடைய சுதந்திரம் வளரும் என்று அதில் அவர் கேட்டார். அரசு விலகி நின்றால், குத்தகையை உயர்த்த நிலவுடைமையாளருக்கும் கூலியைக் குறைக்க முதலாளிக்குமே சுதந்திரம் கிடைக்கும் என்பது அவர் வாதம். தோட்டம் நிறைந்த மலையில் வாழும் நமக்கு இதை எவரும் விளக்க வேண்டியதில்லை. 1951இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்த பிறகே வீடும் குடிநீரும் மருத்துவமும் தோட்ட முதலாளியின் கருணையாக இருந்த நிலை மாறி, அவருடைய கடமையாயின. அன்று அரசு தலையிட்டது. தொழிலாளி தலை நிமிர்ந்தான்.

1948 நவம்பர் 4ஆம் நாள் அரசியலமைப்பு அவையில் பேசியபோதும் அண்ணல் இதே கவலையை வெளியிட்டார். கிராமத்தைப் புகழ்ந்து பாடியவர்கள் நடுவே நின்று, கிராமம் நம் மக்களுக்கு எப்படிப்பட்ட இடமாக இருந்தது என்பதை அவர் அஞ்சாமல் சொன்னார். அரசியலமைப்பின் அடிப்படை அலகாகத் தனிமனிதனை ஏற்றதை வரவேற்றார். ஊர் என்பதும் ஓர் அரசே. அதன் கட்டுப்பாடு எழுதப்படாதது. அதன் தண்டனைக்கு மேல்முறையீடு கிடையாது. எல்லை வைக்க வேண்டிய அதிகாரங்களின் பட்டியலில் ஊர்க்கட்டும் இடம் பெற வேண்டும் என்பதை அண்ணல் நமக்குக் கற்பித்தார்.

கடல் கடந்தும் இதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவில் வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனிப் பள்ளி கூடாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்தது. தென் மாநிலங்கள் பல, மாநில உரிமையில் தலையிடாதீர் என்று கூக்குரலிட்டன. 1957இல் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர்களைப் பள்ளிக்குள் விட ஆளுநர் மறுத்தபோது, குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர் இராணுவத்தை அனுப்பி அவர்களை வகுப்பறைக்குள் கொண்டு சேர்த்தார். உள்ளூர் உரிமை என்ற அழகிய சொல்லுக்குள் உள்ளூர்க் கொடுமை ஒளிந்திருந்த வரலாறு அது.

நம் நாட்டிலும் அது நடந்தது. மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996இல் நம் மக்களுக்கு ஒதுக்கப்பட்டது. பத்தாண்டுகள் வரை அங்கு முறையான தலைவர் பதவியில் அமர இயலவில்லை. மனுச் செய்ய எவரையும் விடவில்லை. வென்றவரை உடனே விலகச் செய்தனர். 2006இல் மாவட்ட நிர்வாகம் உறுதியோடு முனைந்த பின்னரே தேர்தல் நிறைவேறியது. மேலவளவில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் முருகேசனும் அவருடன் வந்தவர்களும் 1997 ஜூன் 30ஆம் நாள் வெட்டிக் கொல்லப்பட்டனர். இத்தகைய இடங்களில் அரசே விலகி நில் என்று சொல்பவர் நம் நண்பராக இருக்க முடியாது.

அப்படியானால் அரசுக்கு எல்லை எதற்கு என்று கேட்பீர்கள். அதற்கு விடை தமிழ்நாட்டு உள்ளாட்சியின் வரலாற்றிலேயே கிடைக்கிறது.

1970இல் ஊராட்சித் தேர்தல் நடந்தது. அடுத்த தேர்தல் நடந்த ஆண்டு 1986. அதற்கு அடுத்தது 1996. ஒரு தலைமுறைக் காலத்தில் மூன்றே தேர்தல்கள்! ஆட்சியிலிருந்தோர் விரும்பியபோது தேர்தல் வந்தது, விரும்பாதபோது வரவில்லை. இந்தத் தன்னிச்சைக்குக் கரை போடவே அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்தது. ஊராட்சியின் காலம் ஐந்தாண்டு, அது முடியும் முன்பே அடுத்த தேர்தல் முடிந்திருக்க வேண்டும் என்று அது விதித்தது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகைக்கேற்ற இடங்களை உறுதி செய்தது. தேர்தலைத் தள்ளிவைக்கலாகாது என்று உச்ச நீதிமன்றமும் 2006இல் அகமதாபாத் மாநகராட்சி வழக்கில் அறுதியிட்டுக் கூறியது.

ஆயினும் கரை உடைந்தது. 2016 அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தலின் அறிவிக்கை விதிப்படி அமையவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் அம்மாதம் 4ஆம் நாள் அதை ரத்து செய்தது. பழங்குடியினருக்கான ஒதுக்கீடு முறையாக இல்லை என்பதும் அவ்வழக்கில் எழுப்பப்பட்ட குறைகளுள் ஒன்று. தமிழ்நாட்டுச் சட்டப்பேரவையில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதிகள் ஏற்காடும் சேந்தமங்கலமும் மட்டுமே. அத்தகைய மலையில் வாழும் நாம் இச்செய்தியை மறக்கலாகாது. குறையைத் திருத்திச் சில மாதங்களில் நடத்தியிருக்க வேண்டிய தேர்தல், 2019 டிசம்பர் 27, 30 ஆகிய நாட்களில்தான் நம் சேலம் மாவட்டம் உள்ளிட்ட 27 மாவட்டங்களில் நடந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் இல்லாததனால் மத்திய நிதிக்குழு வழங்கும் மானியமும் தடைப்பட்டது. அன்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரி 5ஆம் நாள் முடிந்தது. உடனே தேர்தல் வரவில்லை. மறுபடியும் தனி அலுவலர்களே பொறுப்பேற்றனர். ஆட்சியில் இருந்த கட்சி மாறியது, பழக்கம் மாறவில்லை.

அலுவலர் ஆண்டால் என்ன, சாதி பார்க்கும் ஊர்க்காரரைவிட அவர் மேலல்லவா என்று நம் பெரியோர் சிலர் சொல்வர். அவர்கள் பட்ட துன்பம் அப்படிப் பேச வைக்கிறது. அதை நாம் மதிக்கிறோம். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். தலைவர் நாற்காலிக்கு இட ஒதுக்கீடு உண்டு. தனி அலுவலர் நாற்காலிக்கு அது இல்லை. தேர்தல் நடவாத ஒவ்வொரு நாளும் நம் பெண்கள், நம் இளைஞர்கள் அமர வேண்டிய ஆயிரக்கணக்கான இடங்கள் ஓசையின்றி மறைகின்றன. பாப்பாபட்டியில் ஊர்க்கட்டு செய்ததை இங்கே ஓர் அரசாணை செய்துவிடுகிறது. அங்கே வன்முறை தெரிந்தது. இங்கே மை மட்டுமே தெரிகிறது. அலுவலர் நல்லவராக இருக்கலாம். நல்லவர் மாற்றலாகிப் போனால் வருபவர் எப்படிப்பட்டவர் என்பதை நம்மால் முடிவு செய்ய இயலாது.

ஆகவே முதல் எல்லை காலத்துக்கு. ஐந்தாண்டு என்றால் ஐந்தாண்டே. எந்தக் கட்சி ஆண்டாலும் இந்தக் கோரிக்கையில் நாம் மாறலாகாது.

இரண்டாம் எல்லை பதவி நீக்கும் அதிகாரத்துக்கு. 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆம் பிரிவு, மக்கள் தேர்ந்தெடுத்த தலைவரைப் பதவி நீக்கும் இறுதி முடிவை மாவட்ட ஆட்சியரிடம் விடுகிறது. மன்ற உறுப்பினர்களின் கருத்தைக் கேட்டாலும் முடிவு அவருடையதே. காசோலையில் தலைவரோடு துணைத் தலைவரும் கையொப்பமிட வேண்டும் என்ற விதியும் உண்டு. பொதுப் பணத்துக்குக் காவல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் நம்மவர் தலைவராக இருக்கும் ஊர்களில், துணைத் தலைவரின் பேனா மூடியே இருந்தால் தெருவிளக்குக்கூட எரிவதில்லை. வேலை நடக்கவில்லை என்ற பழி தலைவர்மேல் விழுகிறது. அப்பழி பின்னர் ஆட்சியரின் மேசைக்குப் போகிறது. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் நம் இனத்துத் தலைவியைக் கூட்டத்தில் தரையில் அமர வைத்த செய்தி 2020இல் நாடெங்கும் பரவியது. தலைவரைத் தரையில் உட்கார வைக்கும் ஊரில், கையொப்பத்தை மறுப்பது எவ்வளவு எளிது! கேரளத்தில் உள்ளாட்சிக்கென்றே முறைகேட்டை விசாரிக்கும் நடுவரும் தீர்ப்பாயமும் உள்ளன. தலைவரை நீக்குவது ஆட்சியரின் விருப்பத்துக்கு விடப்படவில்லை. அத்தகைய நடுநிலை அமைப்பின் முன் இரு தரப்பும் நின்று பேசிய பிறகே நீக்கம் என்ற நிலை இங்கும் வர வேண்டும். காரணமின்றிக் கையொப்பம் மறுப்போரும் அங்கே விடை சொல்ல வேண்டும்.

மூன்றாம் எல்லை நிலத்துக்கும் காட்டுக்கும். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி, யாருக்குக் காட்டில் உரிமை உண்டு என்ற விசாரணையைத் தொடங்கும் அதிகாரம் கிராம சபைக்கே உரியது. பழங்குடியினர் அல்லாதவரும் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், காட்டைச் சார்ந்து வாழ்ந்ததைக் காட்டினால் உரிமை கோரலாம். ஒடிசாவில் நியமகிரி மலையில் பாக்சைட் வெட்டும் திட்டம் வந்தபோது, கிராம சபைகளைக் கேளுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 18ஆம் நாள் கட்டளையிட்டது. பன்னிரண்டு ஊர்களின் சபைகள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. பெரிய ஆலையும் மாநில அரசும் ஒருபுறம் நிற்க, மலைக் குடிகளின் சொல் மறுபுறம் நின்று வென்றது. நம் சேர்வராயன் மலையிலும் பாக்சைட் உண்டு. இதற்கு மேல் நாம் விளக்க வேண்டியதில்லை.

நான்காம் எல்லை பணத்துக்கு. நமக்கென ஒதுக்கிய நிதி வேறு செலவுக்குத் திருப்பப்படுகிறது, அல்லது செலவிடாமல் திரும்பிப் போகிறது என்ற குறை நெடுநாளையது. 2024இல் தமிழ்நாடு சட்டப்பேரவை, பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்கென ஒரு சட்டம் இயற்றியது. ஆளுவோரின் நல்லெண்ணத்தை நம்பியிருந்த ஒதுக்கீடு அதனால் சட்டக் கடமையாயிற்று. அரசுக்கு எல்லை என்பதன் பொருளை இதைவிட எளிதாகச் சொல்ல முடியாது: நமக்குரிய பணத்தை எடுத்து வேறிடத்தில் போடும் உரிமை அரசுக்கு இல்லை. அச்சட்டம் ஏட்டில் உறங்காமல் காப்பது நம் பொறுப்பு.

இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. 1892இல் ஆங்கில அரசு நம் முன்னோருக்குப் பஞ்சமி நிலம் வழங்கியபோது, அதைப் பிற வகுப்பார் கைக்கு மாற்றலாகாது என்ற நிபந்தனையையும் சேர்த்தே எழுதியது. நிபந்தனை பதிவேட்டில் இருந்தது. நிலமோ ஊருக்கு ஊர் கை மாறியது. காவல் இல்லாத எல்லை வெறும் எழுத்தே என்பதற்கு அதைவிடக் கசப்பான பாடம் நமக்கு வேறில்லை.

இளைஞர்களே, அந்தக் காவலுக்கு உங்களையே அழைக்கிறோம். இச்சங்கம் தோன்றியது எழுத்தறிவைப் பரப்புவதற்காக. எழுத்தறிவின் முதல் பயன் வேலை என்று நினைக்கிறோம்; தவறில்லை. ஆனால் ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கை ஒரு தொழிலாளியின் மகள் எழுந்து நின்று படித்துக் கேள்வி கேட்பதும் அதன் பயனே. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு, 2022இல் மார்ச் 22, நவம்பர் 1 என இரு நாட்களும் கிராம சபைக்கெனச் சேர்க்கப்பட்டன. ஆண்டுக்கு ஆறு நாள். ஆறு அரை நாள் என்றே வையுங்கள். அந்நாட்களில் போய் அமருங்கள். தீர்மானத்தைப் படித்துப் பார்த்த பின்பே கையொப்பமிடுங்கள். நகல் கேளுங்கள், மறுத்தால் எழுத்தில் மறுக்கச் சொல்லுங்கள். வெற்றுத் தாளில் கைநாட்டு வாங்கிச் சென்ற காலம் நம் தாத்தாவோடு முடியட்டும்.

சங்கத்துக்கும் ஒரு சொல். நம்மால் இயன்றதை நாமே செய்துகொள்வோம். மாலைப் பாடம், நூலகம், திருமணச் செலவைக் குறைத்தல் ஆகியவற்றுக்கு அரசாணை தேவையில்லை. ஆனால் நாம் பாடம் நடத்துகிறோம் என்பதைக் காட்டி எவரும் ஆசிரியர் பணியிடத்தைக் காலியாக விட அனுமதிக்கக் கூடாது. நம் உழைப்பு அரசின் கடமைக்குத் துணையாகலாமே தவிர ஈடாகாது.

காப்பாற்ற வேண்டிய இடத்தில் அரசு வலிமையோடு வரட்டும். ஆள நினைக்கும் இடத்தில் சட்டத்தைக் கேட்டு வரட்டும். இந்த இரண்டையும் ஒருசேரக் கேட்கும் அறிவும் துணிவும் நம் பிள்ளைகளுக்கு வாய்க்குமாயின், இச்சங்கம் இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்தது வீண்போகவில்லை என்று மகிழ்வோம்.